சட்டையில் இருந்த ரத்தம் எதைச் சொல்லும்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாக எழுதிக்கொள்கிறேன். பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் உதவும். உங்கள் சித்தப்பா மகன் மீது 2022இல் நடந்த ஒரு கொலைக்காக வழக்கு நடக்கிறது. வெட்டுப்பட்டுக் கிடந்தவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியபோதுதான் தன் சட்டையில் ரத்தம் பட்டது என்கிறார் அவர். ஆய்வக அறிக்கையில் சட்டைக்கு நேராக ‘மனித ரத்தம், வகை கண்டறிய இயலவில்லை’ என்று இருக்கிறது. அவர் வீட்டுக் கொல்லையில் கைப்பற்றியதாகச் சொல்லப்படும் அரிவாளுக்கு நேராக ‘ரத்தம் உள்ளது, சிதைந்துவிட்டதால் மூலம் அறிய இயலவில்லை’ என்று இருக்கிறது. இது அவருக்குச் சாதகமா, டிஎன்ஏ பரிசோதனை கேட்டு மனு போட்டால் உண்மை வெளியே வந்துவிடுமா என்று கேட்கிறீர்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. ‘அவர் வெட்டவில்லை என்று ஓர் ஆய்வகம் சொல்லிவிடாதா’ என்பதுதான் உங்கள் தவிப்பு.

நான் இருபத்தாறு ஆண்டுகள் தடய அறிவியல் ஆய்வகத்தில் ரத்தக் கறைகளையும் பிற உடல் திரவங்களையும் பரிசோதித்தவன். பல முறை சாட்சிக் கூண்டில் நின்றிருக்கிறேன். வழக்கறிஞன் இல்லை; சட்டம் பற்றி இங்கே சொல்பவை அந்தக் கூண்டில் நின்றும் தீர்ப்புகளைப் படித்தும் கற்றுக்கொண்டவை. உங்கள் வழக்கின் பொருள்களை நான் பார்க்கவில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். உங்கள் தவிப்புக்கு நேரான பதில் இதுதான்: ஒரு கறை ரத்தமா, மனித ரத்தமா, நல்ல நிலையில் இருந்தால் யாருடைய ரத்தம் என்பது வரை ஆய்வகத்தால் சொல்ல முடியும். அந்த ரத்தம் அங்கே வந்து சேர்ந்தபோது ஒருவருடைய கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது.

அறிக்கையில் உள்ள அந்த இரண்டு வரிகளும் எப்படிப் பிறக்கின்றன என்று தெரிந்தால் அவற்றின் எடையும் தெரியும். சான்றுப்பொருள் வந்ததும் கறையில் சிறிது எடுத்து, ரத்தமாக இருக்கலாமா என்று ஒரு முதற்கட்டச் சோதனை செய்வோம். பினால்ப்தலீன் கரைசலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்தால் ரத்தம் உள்ள இடம் இளஞ்சிவப்பாக மாறும். இது ஓர் அறிகுறி மட்டுமே. சில காய்கறிச் சாறுகளும் துருவும்கூட இதே மாதிரி நிறம் காட்டக்கூடும். வாழையும் வேலியும் வெட்டிய அரிவாளில் இந்த ஒரு சோதனையை வைத்துக்கொண்டு ரத்தம் என்று எழுதுவது தவறு. அதனால் அடுத்து டகயாமா சோதனை. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற பொருள், பிரிடின் என்ற வேதிப்பொருள் சேர்ந்த கரைசலில் சூடேறும்போது இறகு போன்ற இளஞ்சிவப்புப் படிகங்களாக உறையும். நுண்ணோக்கியில் அந்தப் படிகங்களைப் பார்த்த பிறகே ‘ரத்தம்’ என்ற சொல்லை எழுத வேண்டும்.

மனித ரத்தமா, விலங்கு ரத்தமா என்பது அதற்கடுத்த படி. ஆடு அறுத்தேன், கோழி அறுத்தேன் என்ற விளக்கம் நம் ஊர் வழக்குகளில் வராத மாதம் இருக்காது. இதைத் தீர்க்கும் சோதனையை 1901இல் ஜெர்மனியில் பால் ஊலன்ஹூத் கண்டுபிடித்தார். அதே ஆண்டு ரூகன் தீவில் இரண்டு சிறுவர்களைக் கொன்றதாகப் பிடிபட்ட ஒரு தச்சர், தன் உடையில் இருப்பது மரச்சாயமும் கால்நடை ரத்தமும்தான் என்று சாதித்தார். ஊலன்ஹூத் அந்த உடைகளைப் பரிசோதித்து, சில கறைகள் ஆட்டு ரத்தம், சில கறைகள் மனித ரத்தம் என்று பிரித்துக் காட்டினார். மனித ரத்தப் புரதத்துக்கு எதிராகத் தயாரித்த சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிநீரை, கறைச் சாறோடு சந்திக்க வைத்தால், இரண்டும் சேரும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். அடிப்படை இன்றும் அதுதான். கோடு விழ வேண்டுமானால் கறையில் புரதம் முழுதாக இருக்க வேண்டும். ஈரமும் வெயிலும் நுண்ணுயிரும் புரதத்தைத் தின்றிருந்தால் கோடு விழாது. அப்போதுதான் ‘சிதைந்துவிட்டது’ என்று எழுதுகிறோம். உங்கள் அரிவாளுக்கு நேராக இருக்கும் வரி அது. மனித ரத்தம் இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது. மனித ரத்தம்தான் என்றும் பொருள் கிடையாது.

ரத்த வகை காண்பது இன்னும் நுட்பமான வேலை. காய்ந்த கறையில் சிவப்பணுக்கள் உடைந்திருக்கும், அதனால் ரத்த வங்கியில் செய்வது போல நேராகப் பார்க்க முடியாது. கறையிலிருந்து ஒரு சிறு நூலை இழுத்து, அதில் ஏ, பி எதிர்ச்சீரங்களை ஊற வைத்து, ஒட்டாததைக் கழுவி அகற்றி, ஒட்டியதை 56 டிகிரி வெப்பத்தில் பிரித்தெடுத்து, தெரிந்த வகை அணுக்களோடு சேர்த்து அவை திரள்கின்றனவா என்று பார்ப்போம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பெரும்பாலான மனிதர்களின் வியர்வையிலும் எச்சிலிலும் அவரவர் ரத்த வகைக்குரிய பொருள் கலந்திருக்கும். நம் வெயிலில் ஒருவர் நாள் முழுக்கப் போட்டிருந்த சட்டையில் அவருடைய வகை ஏற்கெனவே ஊறியிருக்கும். சில நுண்ணுயிர்கள் பி வகையைப் போல நடிக்கவும் செய்யும். ஆகவே அதே துணியில் கறையில்லாத இடத்திலிருந்து ஒரு நூலை எடுத்து அதையும் கூடவே பரிசோதிக்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் பதில் சொன்னால் வகை எதுவும் எழுதக் கூடாது. ‘கண்டறிய இயலவில்லை’ என்று எழுதுகிற பரிசோதகர் பல நேரங்களில் தன் கடமையைச் சரியாகச் செய்தவர். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அந்த வரியைப் பரிசோதகரின் தோல்வி என்று நீதிமன்றத்தில் இரு தரப்பும் பேசுவதைக் கேட்டுக் கேட்டு நான் வருந்தியிருக்கிறேன். வகை கிடைத்திருந்தாலும் பெரிய வெளிச்சம் வந்திருக்காது. நம் பகுதியில் ஏறத்தாழப் பத்துப் பேரில் நான்கு பேர் ஓ வகை. ‘ஓ’ என்று பொருந்தினால் தெருவில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கும் அது பொருந்தும். வகை பொருந்தாவிட்டால் மட்டுமே அது உறுதியாகப் பேசும்.

இந்த வரிகள் சாதகமா என்று கேட்டீர்கள். நீதிமன்றங்கள் இதற்கு ஒரே பதில் வைத்திருக்கவில்லை. ராஜஸ்தானிலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில் 1999இல் உச்ச நீதிமன்றம், ரத்தம் சிதைந்ததால் மூலம் தெரியவில்லை என்பதற்காக அந்தத் தடயத்தையே தூக்கி எறிய வேண்டியதில்லை என்றது. சத்தீஸ்கர் வழக்கு ஒன்றில் 2019இல் பழைய தீர்ப்புகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, இதற்கு நிலையான சூத்திரம் கிடையாது, ஒவ்வொரு வழக்கின் சூழலையும் பிற சாட்சியத்தையும் பொறுத்தது என்றது. நேரில் பார்த்த நம்பகமான சாட்சி இருந்தால் ‘கண்டறிய இயலவில்லை’ என்ற வரி அரசுத் தரப்பைப் பெரிதாகப் பாதிக்காது. வழக்கு முழுக்கச் சட்டையையும் அரிவாளையும் நம்பியே நின்றால், அதே வரி வழக்கின் அடித்தளத்தில் விரிசல். உங்கள் வழக்கு இவற்றில் எது என்பதை உங்கள் வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும்.

இனி டிஎன்ஏ. ரத்தத்தில் சிவப்பணுக்களுக்கு உட்கரு இல்லை. டிஎன்ஏ கிடைப்பது வெள்ளையணுக்களிலிருந்து. நம் மரபுச் சங்கிலியில் சில இடங்களில் நான்கைந்து எழுத்துகள் கொண்ட ஒரு சிறு துண்டு அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்கு ஓர் இடத்தில் அது ஆறு தடவை வரலாம், மற்றவருக்கு ஒன்பது தடவை வரலாம். தாயிடமிருந்து ஓர் எண், தகப்பனிடமிருந்து ஓர் எண். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் எண்ணிப் பார்த்தால் வரும் வரிசை, ஒரே கருவில் பிறந்த இரட்டையரைத் தவிர வேறு இருவருக்கு ஒத்துப்போக நடைமுறையில் வாய்ப்பில்லை. 1984இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் டிஎன்ஏ கைரேகையைக் கண்டபோது முறை வேறு. ஹைதராபாத்தில் லால்ஜி சிங் கட்டுவிரியன் இனப் பாம்பின் ஆராய்ச்சியிலிருந்து உருவாக்கிய முறையும் வேறு. ஆனால் அடிப்படை எண்ணம் இதுதான். இங்கிலாந்தில் முதல் கொலை விசாரணையில் இது பயன்பட்டபோது, குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த ஓர் இளைஞன் குற்றவாளி இல்லை என்றுதான் அது முதலில் காட்டியது. உண்மையான குற்றவாளி 1988இல் தண்டனை பெற்றான். இந்த அறிவியல் நிரபராதியை விடுவித்துக்கொண்டே நீதிமன்றத்துக்குள் நுழைந்தது என்பதை இளைய பரிசோதகர்களிடம் நான் தவறாமல் சொல்வேன்.

ஒரே ஆளின் நல்ல கறை, ஒழுங்காகப் பாதுகாக்கப்பட்டது என்றால், டிஎன்ஏ முடிவை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். இரண்டு மூன்று பேருடையது கலந்திருந்தால், அளவு மிகக் குறைவாக இருந்தால், நம்பிக்கை வேகமாகக் குறையும். 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவில் உண்மையான ஒரு வழக்கின் கலப்பு மாதிரித் தரவை, வழக்கின் விவரம் சொல்லாமல், அனுபவமுள்ள 17 பரிசோதகர்களிடம் கொடுத்தார்கள். அந்த வழக்கில் சந்தேக நபரை விலக்க முடியாது, அதாவது கலப்பில் அவருடைய டிஎன்ஏ இருக்கலாம் என்று சாட்சியம் சொல்லப்பட்டிருந்தது. 17 பேரில் ஒருவர் மட்டுமே அதை ஒத்துக்கொண்டார். 12 பேர் அவரை விலக்கினார்கள், நான்கு பேர் முடிவு சொல்ல இயலாது என்றார்கள். தரவு ஒன்றுதான், கருவியும் பிழை செய்யவில்லை. படித்த கண்கள் மட்டும் வேறு வேறு.

இப்போது உங்கள் சித்தப்பா மகனின் சட்டைக்கு வருகிறேன். டிஎன்ஏ பரிசோதனையில் சட்டையில் இருப்பது இறந்தவரின் ரத்தம் என்று வந்தால் என்ன ஆகும்? அவரே அதைத்தான் சொல்கிறார். தூக்கினேன், அவர் ரத்தம் பட்டது என்கிறார். அவர் மறுக்காத ஒன்றை லட்சம் கோடியில் ஒரு வாய்ப்பு என்ற கணக்கோடு ஆய்வகம் நிரூபித்துத் தரும். அந்தப் பெரிய எண்ணைக் கேட்கும்போது கேட்பவர் மனத்தில் ‘அப்படியானால் இவர்தான் வெட்டினார்’ என்று ஒரு தாவல் நடந்துவிடும். அந்த எண் ரத்தம் யாருடையது என்பதைப் பற்றியது; வெட்டியது யார் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. இந்தத் தாவலை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் யோசிக்காமல் மனு போடாதீர்கள் என்கிறேன்.

அரிவாள் வேறு விஷயம். புரதம் சிதைந்த கறையிலும் சில வேளை டிஎன்ஏ மிஞ்சும், குறிப்பாகப் பிடிக்கும் இரும்புக்கும் நடுவில் உள்ள இடுக்கில். கழுவிய அரிவாளாக இருந்தாலும் பிடியைக் கழற்றிப் பார்த்தால் அங்கே ரத்தம் உறைந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். அங்கே இறந்தவரின் டிஎன்ஏ இருந்தால் அது உங்கள் சித்தப்பா மகனுக்கு எதிரான வலுவான தடயம்; ஆட்டோவில் ஏற்றியதை வைத்து அதை விளக்க முடியாது. வேறொருவரின் ரத்தமோ விலங்கின் ரத்தமோ என்று வந்தால் அவருக்குப் பெரிய துணை. பிடியின் வெளிப்புறத்தில் அவருடைய டிஎன்ஏ கிடைப்பதில் எந்தப் பொருளும் இல்லை, அது அவர் வீட்டு அரிவாள். ஒப்பிடுவதற்குப் பிரேதப் பரிசோதனையின்போது இறந்தவரின் ரத்தம் எடுத்து வைக்கப்பட்டதா என்பதும் முக்கியம். அது இல்லாவிட்டால் இறந்தவரின் உடையில் உள்ள கறையையோ அவருடைய பெற்றோர், பிள்ளைகளின் ரத்தத்தையோ தேட வேண்டியிருக்கும்.

ஆனால் அரிவாளில் டிஎன்ஏ தேடும் முன் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: அரிவாளும் சட்டையும் இறந்தவரின் துணிகளும் தனித்தனிப் பொட்டலமாக வந்தனவா? ஒரு முறை என் மேசைக்கு ஒரே மூட்டை வந்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் லுங்கியும் இறந்த பெண்ணின் சேலையும் ஒன்றாகச் சுருட்டி, பிளாஸ்டிக் பைக்குள் திணித்து, மேலே ஒழுங்காக அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். ஐப்பசி மழை நேரம். பிரித்ததும் எழுந்த நாற்றத்தை இன்னும் மறக்கவில்லை. சேலையின் ஈரம் லுங்கிக்கு ஏறியிருந்தது. அந்த லுங்கியில் எந்தக் கறை முன்பே இருந்தது, எது மூட்டைக்குள் வந்தது என்று உலகத்தில் எவராலும் சொல்ல முடியாது. மூட்டை வந்த நிலையை அப்படியே அறிக்கையில் எழுதினேன். அந்தப் பெண்ணுக்கு நீதி கிடைக்க இருந்த ஒரு வழியை ஒரு பிளாஸ்டிக் பை அடைத்துவிட்டது. நிழலில் உலர்த்தி, காகித உறையில், தனித்தனியாக. இந்த மூன்று விஷயங்களுக்காக எத்தனை பயிற்சி வகுப்புகளில் தொண்டை வறளப் பேசியிருக்கிறேன்.

ஒருவருடைய டிஎன்ஏ வேறொரு பொருளில் படிவதும் வேறோர் இடத்துக்குப் போய்ச் சேர்வதும் வெளிநாடுகளிலும் நடந்திருக்கின்றன. ஜெர்மனியிலும் அண்டை நாடுகளிலும் கொலை, திருட்டு என்று சம்பந்தமே இல்லாத ஏறக்குறைய 40 இடங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்து, பல ஆண்டுகள் அந்தப் பெண்ணைத் தேடினார்கள். 2009இல்தான் தெரிந்தது, மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ அது. குச்சிகளில் கிருமி இல்லை, டிஎன்ஏ இருந்தது. கலிபோர்னியாவில் 2012இல் கொலையானவரின் நகத்தில் ஒருவருடைய டிஎன்ஏ கிடைத்தது. அவர் சில மாதங்கள் சிறையில் இருந்தார். கொலை நடந்த நேரத்தில் அவர் போதையில் மருத்துவமனையில் படுத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அவரைத் தூக்கிச் சென்ற அதே ஆம்புலன்ஸ் ஊழியர்கள்தான் அன்றிரவு கொலை நடந்த வீட்டுக்கும் போயிருந்தார்கள். பரிசோதனை முடிவு சரி, ஆள் நிரபராதி.

நம் பக்கத்திலும் இதே பாடம் உண்டு. தேனி மாவட்டம் சுருளி அருவிக்குப் போன இளம் ஜோடி 2011இல் கொல்லப்பட்ட வழக்கில், மரண தண்டனை பெற்றிருந்தவரை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 15 அன்று விடுவித்தது. மாதிரிகள் யார் கையில், எத்தனை நாள், எப்படி இருந்தன என்பதற்குச் சரியான கணக்கு இல்லாததால் டிஎன்ஏ சான்றை நம்ப முடியாது என்றது. அதோடு நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது: மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், தாமதமானால் காரணம் எழுத வேண்டும், நீதிமன்ற அனுமதியின்றிப் பொட்டலத்தைத் திறக்கக் கூடாது, கைமாறிய ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஏற வேண்டும். இரண்டு உயிர்கள் போன வழக்கு அது. மாதிரிகளை ஒழுங்காகக் கையாண்டிருந்தால் அந்தக் குடும்பங்களுக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும். உங்கள் வழக்கு 2022இல் தொடங்கியது, 48 மணி நேர விதி அப்போது இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பின் அடிப்படைக் கேள்வியை எந்த ஆண்டு வழக்கிலும் கேட்கலாம்.

சட்டையைப் பற்றி இன்னொன்று. கறை யாருடையது என்பதைவிட, எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்பது உங்கள் சித்தப்பா மகனின் விளக்கத்துக்கு நெருக்கமான விஷயம். காயம்பட்டவரை அணைத்துத் தூக்கினால் மார்பிலும் முன்கையிலும் அழுந்திப் பதிந்த பெரிய, நனைந்த கறைகளை எதிர்பார்க்கலாம். கத்தியோ அரிவாளோ வீசும்போது நுண்ணிய துளிகள் தெறித்திருக்கலாம். இதற்கு மேல் நான் போக மாட்டேன். ரத்தத் துளிகளின் வடிவத்தை வைத்து நடந்ததையெல்லாம் படம் போலச் சொல்லும் நிபுணர்களை நம்பாதீர்கள். அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் 2009ஆம் ஆண்டு அறிக்கை இந்தத் துறையின் நிச்சயமின்மை மிகப் பெரியது என்று வெளிப்படையாகவே எழுதியது. காயம்பட்டவர் இருமினால் அவர் வாயிலிருந்து தூக்கியவரின் சட்டையிலும் துளிகள் தெறிக்கலாம். வெட்டியவரின் சட்டையில் ஒரு துளியும் இல்லாமல் போகலாம். ஆனால் ஆய்வகத்தின் பணிக்குறிப்பில் கறைகளின் இடமும் அளவும் எழுதப்பட்டிருக்கும், சில வேளை வரைபடமும் இருக்கும். அது அறிக்கையில் வராது. உங்கள் வழக்கறிஞர் நீதிமன்றம் வழியாக அதைக் கேட்கலாம். பரிசோதகரைக் கூண்டுக்கு அழைக்காமலே அறிக்கையை ஏற்கச் சட்டத்தில் இடம் உண்டு, அவரை வரவழைத்து விசாரிக்கவும் இடம் உண்டு. வரவழைக்கச் சொல்லுங்கள். எங்களில் நேர்மையானவர்கள் குறுக்கு விசாரணைக்கு அஞ்சுவதில்லை.

மனு பற்றி முடிவெடுக்கும் முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பற்றுதல் மகஜரில் சட்டைக்கும் அரிவாளுக்கும் உள்ள தேதி, அவை நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்ததாகப் படிவத்தில் உள்ள தேதி, ஆய்வகம் பெற்றுக்கொண்டதாக அறிக்கையின் தொடக்கத்தில் உள்ள தேதி ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். நடுவில் விழும் நாள்கள் அந்தப் பொருள்கள் எங்கே இருந்தன, முத்திரை வைத்தது யார், ஆய்வகம் பெற்றபோது முத்திரை முழுதாக இருந்ததா என்று பக்கத்தில் குறியுங்கள். பிறகு ஆட்டோ ஓட்டுநர் யார், எந்த மருத்துவமனையில் எத்தனை மணிக்குச் சேர்த்தார்கள், விபத்துப் பதிவேட்டில் ‘அழைத்து வந்தவர்’ என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே உங்கள் சித்தப்பா மகனின் பெயர் இருந்தால், நான் இருபத்தாறு ஆண்டுகள் செய்த எந்தச் சோதனையும் தர முடியாத ஒன்றை அந்த ஒரு வரி உங்களுக்குத் தரும்.